முகாம்காரர் சம்பளப் பாக்கி கேட்டு மனுப் போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பெயர் போட வேண்டாம். எனக்கு 27 வயது. கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன். அம்மாவும் அப்பாவும் 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். இங்கே ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு லேபர் கான்ட்ராக்டர் மூலம், தடாவைத் தாண்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 14 மாதம் மெஷின் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். மாதம் 14,500 ரூபாய். பிஎஃப் என்று மாதம் 1,740 பிடித்தார், பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் நம்பர் கொடுக்கவில்லை. கடைசி 2 மாதமும் 18 நாளும் சம்பளம் வரவில்லை, அந்த நாட்களில் செய்த 96 மணி நேர ஓ.டி.க்கும் பணம் இல்லை. கேட்டதற்கு, நாளையிலிருந்து வராதே என்றார். என் டிப்ளமோ ஒரிஜினலும் அவரிடம்தான் இருக்கிறது. 'ஆதார் இருந்தாலும் நீ அகதிதான்ரா, எங்கே போய் கேஸ் போடுவே? முகாமில் சொல்லாமல் ஆந்திரா போய் வந்தாய் என்று போலீஸில் சொன்னால் உன் பதிவே போய்விடும்' என்கிறார். அம்மா, விட்டுவிடு என்று அழுகிறார். நான் கேட்கலாமா, கூடாதா?

பதில்: தம்பி, கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

முதலில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். 2 மாதச் சம்பளம் 29,000. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 557 ரூபாய் சொச்சம், 18 நாளுக்கு 10,038. ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம், 96 மணி நேரத்துக்கு 13,384 ரூபாய் வருகிறது. மொத்தம் 52,000 ரூபாய்க்கு மேல். உங்கள் வீட்டுக்கு இந்தப் பணம் என்னவென்று எனக்குத் தெரியும். அரசு மாதாமாதம் முகாமில் கொடுக்கும் உதவித்தொகையை உங்கள் குடும்பம் எத்தனை மாதம் வாங்கினால் இந்தத் தொகை சேரும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவ்வளவையும் ஒரு ஆள் மிரட்டியே முழுங்கப் பார்க்கிறார்.

அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு? இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான். அரசு வேலை உங்களுக்குக் கிடையாது. இவ்வளவு வரை அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் நீங்கள் வேலை கொடு என்று கேட்கவில்லை. செய்து முடித்த வேலைக்குக் கூலி கேட்கிறீர்கள். இது முற்றிலும் வேறு விஷயம். ஊதியச் சட்டம் தொழிலாளி யார் என்று சொல்லும்போது, கூலிக்கு வேலைக்கு வைக்கப்பட்ட 'எந்த நபரும்' என்றுதான் சொல்கிறது. குடிமகன் என்ற சொல் அங்கே வரவில்லை. அரசியல் சட்டத்தின் 14, 21, 23ஆம் பிரிவுகளும் அப்படியே. கட்டாய உழைப்பைத் தடை செய்வது 23ஆம் பிரிவு. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்கள் பற்றிய வழக்கில், 1982இல், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்குக் குறைத்துக்கூடக் கொடுக்கவில்லை, ஒன்றுமே கொடுக்கவில்லை. 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், குடிமகனாக இல்லாதவரின் உயிரையும் உரிமையையும் காப்பதும் அரசின் கடமை என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

1951 உடன்படிக்கையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு நாட்டில் மூன்று ஆண்டு தங்கிவிட்ட அகதியை, வெளிநாட்டார் என்ற காரணத்தைக் காட்டி வேலையிலிருந்து தடுக்கக் கூடாது என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டு! நீங்கள் இந்த மண்ணில் பிறந்தே 27 ஆண்டு ஆகிறது. நாம் கையெழுத்திடாததால் அது நம் நீதிமன்றத்தில் உங்களுக்கு நேரடியாக உதவாது. ஆனாலும் போரால் வீடிழந்து வந்தவருக்கு நியாயமான வேலை உரிமை எது என்று உலகம் எழுதி வைத்த அளவுகோல் அது.

சரி, பதிவு போய்விடும் என்ற மிரட்டலுக்கு வருவோம். அம்மாவை அழ வைத்தது அதுதான். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தோடு மத்திய அரசு ஒரு விலக்கு ஆணையும் வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து, பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து அது விலக்குத் தருகிறது. இதைக் குடியுரிமை என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் சம்பளப் பாக்கி கேட்டு மனுப் போட்டார் என்பதற்காக ஒருவரின் பதிவை ரத்து செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் போடும் மனு போலீஸ் கேஸே அல்ல.

நீங்கள் தினமும் போய் வந்திருக்கிறீர்கள், அது நல்லது. நைட் ஷிஃப்ட் பார்த்த நாட்களில் முகாமில் ஆள் எண்ணும் தணிக்கைக்கு இருந்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. ஒன்றிரண்டு முறை தவறியிருந்தாலும் பயப்பட வேண்டாம். கான்ட்ராக்டர் போய்ச் சொல்வதற்கு முன்னால் நீங்களே முகாம் அலுவலகத்தில் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: இன்ன கம்பெனியில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தேன், சம்பளம் தரவில்லை, மனுப் போடப் போகிறேன், விசாரணை நாட்களில் வெளியே செல்ல அனுமதி வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்த பிறகு அவரால் எதைச் சொல்லி மிரட்ட முடியும்? அனுமதி வாங்கினீர்களா இல்லையா என்பது உங்களுக்கும் முகாம் நிர்வாகத்துக்கும் இடையில் உள்ள விஷயம். அதைக் காட்டி அவர் கூலியைப் பிடித்து வைக்க முடியாது.

அடுத்தது, எங்கே மனுப் போடுவது? இந்தப் பகுதியில் பல பேர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். எளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் வேலை. ஆள் எடுப்பது தமிழ்நாட்டில், உழைப்பு ஆந்திராவில், பணம் எங்கேயும் இல்லை. காலை ஐந்தரைக்குக் கும்மிடிப்பூண்டி பைபாஸில் சாப்பாட்டு டப்பாவோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் முகாம் பிள்ளைகள் இருப்பார்கள், ஆரம்பாக்கத்துப் பிள்ளைகள் இருப்பார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். பாக்கி விழுந்தால் எல்லோருக்கும் ஒரே கதைதான். திருவள்ளூரில் கேட்டால், வேலை ஆந்திராவில் நடந்தது, அங்கே போ என்பார்கள். அங்கே போனால், உன் கான்ட்ராக்டர் தமிழ்நாட்டுக்காரர், அங்கேயே பார் என்பார்கள். இரண்டு நடை நடந்ததும் ஒரு நாள் கூலி போகிறதே என்று விட்டுவிடுவார்கள். இதை நம்பியே தொழில் நடத்தும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் ஆந்திரப் பக்கமே மனுப் போடுங்கள். கம்பெனி இருக்கும் இடம் திருப்பதி மாவட்டம், அந்தப் பகுதித் தொழிலாளர் துறை உதவி ஆணையர் அலுவலகம்தான் உங்களுக்குரியது. காரணம் எளிது. உழைத்த இடம் அது. கேட் ரெஜிஸ்டர் அங்கே இருக்கிறது. உங்கள் வேலைக்குப் பொருந்தும் குறைந்தபட்சக் கூலியும் ஆந்திர அரசு நிர்ணயித்ததுதான். 14,500 அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மனுவைத் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ எழுதுங்கள். உங்கள் பகுதியில் தெலுங்கு எழுதத் தெரிந்தவருக்கா பஞ்சம், பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார். திருவள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு நகலை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி வையுங்கள்.

மனுவில் கான்ட்ராக்டர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். இது மிக முக்கியம். கான்ட்ராக்டர் கூலி கொடுக்கவில்லை என்றால், யாருக்காக அந்த வேலை நடந்ததோ அந்தக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, இப்போதைய சட்டத்திலும் அப்படித்தான். என் அனுபவத்தில், கான்ட்ராக்டருக்கு அனுப்பும் பத்துக் கடிதம் செய்யாததை, கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்குப் போகும் ஒரு ரிஜிஸ்தர் தபால் செய்யும். கான்ட்ராக்டரின் பில்லை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது.

சட்டம் எது என்று அலுவலகத்தில் கேட்டால் குழம்ப வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். பாக்கி உறுதியானால், பாக்கியோடு சேர்த்து அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடம் இருக்கிறது. பத்து மடங்கு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், அது உச்ச வரம்பு. இன்னொன்றும் இருக்கிறது. சம்பளம் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. வரவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் பழைய 1936 ஊதியம் வழங்கல் சட்டத்தில் 12 மாதம்தான். யாரும் தகராறு கிளப்ப முடியாதபடி ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள், மனுவில் இரண்டு சட்டத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை மட்டும் நீங்கள்தான் காட்ட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை என்று நினைக்கிறேன், இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமிலிருந்து பெயிண்டர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கும் ஆர்டர் இல்லை, ரசீது இல்லை. பையிலிருந்து மகளுடைய பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டிருந்தது. உள்ளே தேதி வாரியாக வேலை செய்த நாளுக்கு ஒரு டிக், அரை நாளுக்குப் பாதி டிக். ஓரமெல்லாம் பிரைமர் கறை, ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை வெள்ளை எனாமலில் அப்படியே பதிந்து காய்ந்திருந்தது. இடையிடையே 'அட்வான்ஸ் 500' என்று எழுதி, பக்கத்தில் பச்சை மையில் ஒரு கையெழுத்து. பணம் கொடுத்த ஒவ்வொரு முறையும், பிறகு இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று மேஸ்திரி தானே போட்ட கையெழுத்து அது. விசாரணையில் அந்த மேஸ்திரி, இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது என்றார். அதிகாரி நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தார். மேஸ்திரி பச்சைக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாய்தாவில் பணம் வந்தது.

உங்களிடம் அதைவிட நிறையவே இருக்கும். சம்பளம் வந்த மாதங்களின் பாஸ்புக் என்ட்ரி, கேட் பாஸ், கேன்டீன் டோக்கன், யூனிஃபார்ம், ஷிஃப்ட் போட்டு அனுப்பிய வாட்ஸப் குரூப், பஸ்ஸில் எடுத்த செல்ஃபி என்று எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் வாய்ஸ் மெசேஜாக வந்திருந்தால் அதையும் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மெசேஜ் இருக்கும் போனைப் பத்திரமாக வைத்திருங்கள், மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியம் தாக்கல் செய்ய ஒரு சான்று இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஓ.டி. 96 மணி நேரம் என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள், எங்கோ குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தக் குறிப்புதான் உங்கள் பச்சை மை. உங்களோடு அதே லைனில் நின்று, அதே பாக்கியோடு இருக்கும் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் முகாம் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, அகதிப் பேச்சை எடுக்க அவருக்கு வாய்ப்பே இருக்காது.

பிஎஃப் விஷயம். 14,500இல் 12 சதவீதம் சரியாக 1,740தான், அதாவது கணக்குத் தெரிந்துதான் பிடித்திருக்கிறார். சம்பளம் வந்த 11 மாதத்துக்கே 19,140 ரூபாய். உங்களிடம் பிடித்ததற்குச் சமமாக அவரும் போட வேண்டும். ஆதாரோடு இணைத்த போன் நம்பரை வைத்து, உங்கள் பெயரில் யூஏஎன் இருக்கிறதா என்று பிஎஃப் இணையதளத்தில் பாருங்கள். இருந்து, பணம் ஏறவில்லை என்றாலும், கணக்கே திறக்கவில்லை என்றாலும் அங்கேயே புகார் போடலாம். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைப் பிஎஃப் அலுவலகம் லேசில் விடாது. இந்தப் புகாரைச் சம்பள மனுவோடு கலக்க வேண்டாம், தனியாகப் போகட்டும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ பிடித்தார்களா என்றும் பாருங்கள். மெஷினில் நிற்கும் ஆளுக்கு அது இல்லாமல் வேலை கொடுத்ததே தவறு.

வேலையை விட்டு நிறுத்தியதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓராண்டில் 240 நாளுக்கு மேல் வேலை பார்த்தவரை நிறுத்த ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது 21,000 ரூபாய்க்கு மேல் வரும். இதற்கு சமரச அதிகாரியிடம் தனி மனு. வேலையையே திரும்பக் கேட்கலாமா என்றால், என் கருத்து வேண்டாம் என்பதுதான். அதற்கு வருஷக்கணக்காக இழுக்கும். முதலில் கையில் பணம் வரட்டும். நடுவில் வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள், பழைய பாக்கிக்கு அதனால் ஒரு குறையும் வராது.

டிப்ளமோ சான்றிதழைப் பிடித்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஏழு நாளில் திருப்பித் தாருங்கள் என்று ரிஜிஸ்தர் தபாலில் எழுதுங்கள். தராவிட்டால் போலீஸில் புகார் கொடுக்கலாம். அவர் போலீஸ் பெயரைச் சொல்லி மிரட்டினாரே, உண்மையில் அங்கே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இனி எந்த வேலைக்குப் போனாலும் ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

வக்கீல் செலவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவசச் சட்ட உதவி யாருக்கெல்லாம் உண்டு என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் ஆலைத் தொழிலாளி இருக்கிறார். இன வன்முறையால் பாதிக்கப்பட்டவரும் இருக்கிறார். குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

இதைப் படிக்கும் முகாம் குடும்பங்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் யாராவது இருந்தால், சட்டப்படி அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படித்தான் தீர்ப்பளித்தது. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். தம்பி, உங்கள் பிறந்த ஆண்டுக்கு அது பொருந்தாது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கடைசியாக அம்மா. 1990இல் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படகேறி வந்தவர், மண்டபத்தில் வரிசையில் நின்று பெயர் எழுதிக்கொண்டவர். அந்தப் பெயர் எங்கே அழிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும், அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். முகாம் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முத்திரை விழுவதை அவரே பார்க்கட்டும். நான் போன முகாம் வீடுகளில் எல்லாம் டிரங்க் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், குடும்ப அட்டை, பதிவுத் தாள், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதில்தான். உங்கள் வீட்டிலும் இருக்கும். ஓ.டி. குறித்த நோட்டு, பாஸ்புக், கேட் பாஸ் எல்லாவற்றையும் நாளைக்கே இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, ஒரிஜினலை அம்மாவிடம் கொடுத்து அந்தக் கவரில் வைக்கச் சொல்லுங்கள்.